வார்டு நாட்குறிப்பு: எம்சிவி 118

மார்ச் 4, 2024, திங்கள்

புது அட்மிஷன். தையல்காரர், வயது 56. ஹீமோகுளோபின் 7.2, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 118. நூறைத் தாண்டினாலே சிவப்பணு பெருத்திருக்கிறது என்று பொருள். கண்ணில் லேசான மஞ்சள். காமாலை என்று வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அணுக்கள் மஜ்ஜைக்குள்ளேயே உடைந்து வரும் மஞ்சளைக் கீழாநெல்லி என்ன செய்யும்!

சிவப்பணு பெருப்பதற்குக் குடியும் காரணமாகலாம், பி12 வைட்டமின் குறைவும் காரணமாகலாம். ரவுண்ட்ஸில் எல்லோருக்கும் முதல் சந்தேகம் குடி. மகனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டேன். "தீபாவளிக்குத் தீபாவளி ஒரு குவார்ட்டர்ம்மா." நம்புகிறேன். கைநடுக்கம் இல்லை, ஈரல் வீக்கமும் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாய்யா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சுகருக்கு?"

"அது பாட்டுக்குப் பன்னெண்டு வருஷமா போடறேன்."

"வயித்துக்கு?"

"காலைல வெறும் வயித்துல கேஸ் மாத்திரை. மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்கறதுதான்."

மெட்ஃபார்மின், பேன்டோபிரசோல். இரண்டுமே பி12 உடம்பில் சேர்வதைக் குறைப்பவை. தினமும் போடுவதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு நோயாகச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வலிப்பு, மூட்டுவாதம், தைராய்டு எதற்கும் மருந்து எடுப்பதில்லை. வயிற்றில் ஆபரேஷன் நடந்ததில்லை. புரட்டாசி போக ஞாயிறுதோறும் பி12 உள்ள மீன் உண்டு. ஈரலில் பி12 இருப்பு சில வருடங்களுக்குத் தாங்கும் என்பதால் போன மாதச் சாப்பாட்டைக் கேட்டு நிறுத்திவிட முடியாது.

மார்ச் 6, புதன்

கால் மரத்துப்போகிறதா என்றதற்கு இல்லை என்றார். மெஷின் எப்படி ஓடுகிறது என்றேன்.

"பெடல் கால்ல தெரியலம்மா. குனிஞ்சு பாத்துத்தான் மிதிக்கறேன்."

செருப்பு கழன்றது தெரியாமல் தெருக்கோடி வரை நடந்தும் இருக்கிறார். கண்ணை மூடச் சொல்லிக் கால் கட்டைவிரலை அசைத்தேன். மேலா கீழா என்று சொல்ல வரவில்லை. நாக்கு வழவழப்பு, விரல் முட்டிகளில் கருமை. ஸ்மியரில் (கண்ணாடியில் தடவிப் பார்த்த ரத்தத்தில்) நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் உட்கருக்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாக ஆறேழு மடல்கள். எல்லாம் பி12 குறைவையே காட்டுகின்றன.

ரத்தம் எடுத்தனுப்பிவிட்டு இன்றே பி12 ஊசி ஆரம்பம். ஃபோலிக் ஆசிட் என்ற இன்னொரு வைட்டமினை மட்டும் எழுதினால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

மார்ச் 13, புதன்

பி12 மிகக் குறைவு என்று ரிப்போர்ட். ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான சிவப்பணு) நன்றாக ஏறியிருக்கிறது, பசி எடுக்கிறதாம். கேஸ் மாத்திரையை நிறுத்தியாயிற்று, சுகர் மாத்திரை தொடரும், கூடவே பி12. கால் தேற மாதக்கணக்கில் ஆகலாம், முழுதாகத் தேறாமலும் போகலாம் என்றேன். மகன் மோட்டார் மெஷின் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"அதையும் கால்லதானேடா அமுக்கணும்" என்றார் அப்பா.