சிசிஎன்ஏ எழுத இரண்டு தடவை கொழும்புக்குப் போன கதை

சிசிஎன்ஏ என்பது கணினி நெட்வேர்க் வேலை தெரியும் என்று காட்ட சிஸ்கோ கம்பனி தருகிற சான்றிதழுக்கான பரீட்சை. அதை எழுத முதல் தடவை கொழும்புக்குப் போன அன்று நான் பரீட்சை எழுதவே இல்லை. வரவேற்பு மேசையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டிய 300 டொலரும் போனது. அப்போதைய விலைக்கு அது 90,000 ரூபாவுக்கு மேல். ஒரு வருசம் ஆகப்போகிறது, இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. திருகோணமலையில் இருந்து இந்தத் துறைக்குள் வர நினைக்கிற தம்பி தங்கைகள் யாரும் அதே மேசைக்கு முன்னால் நிற்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஓ.எல். எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்களில், 16 வயதில், சிஸ்கோவின் கல்வித் திட்டமான நெட்வேர்க்கிங் அக்கடமியில் இலவசக் கணக்கு ஒன்று திறந்தேன். பக்கெட் ட்ரேசர் என்ற பயிற்சி மென்பொருள் கிடைக்கும் என்று பள்ளிக்கூட ஐ.சி.ரி. சேர் சொல்லியிருந்தார். ரவுட்டர், சுவிட்ச் போன்ற நெட்வேர்க் கருவி எதையும் காசு கொடுத்து வாங்காமல் கணினித் திரையிலேயே இணைத்துப் பழகலாம். பெயர் கேட்ட இடத்தில், அப்பா பெயரின் முதல் எழுத்தையும் என்னைக் கூப்பிடுகிற பெயரையும் போட்டேன். யோசிக்கவே இல்லை.

பிறகு டவுனில் ஒரு தனியார் நிலையத்தில் சேர்ந்தேன். வாசல் பலகையில் சிசிஎன்ஏ என்று பெரிதாக எழுதியிருந்தது. எட்டு மாதம் காசு கட்டிப் படித்து முடித்தபோது கையில் தந்தது அவர்களே அச்சடித்த சான்றிதழ். அக்கடமியோடு அவர்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. உண்மையான அக்கடமி வகுப்பில் ஆசிரியரிடம் மூன்று பாடங்களையும் படித்து, கடைசிப் பாடத்தின் இறுதிப் பரீட்சையில் முதல் தடவையே நல்ல புள்ளி எடுப்பவர்களுக்குப் பரீட்சைக் கட்டணத்தில் கழிவு வவுச்சர் கிடைக்கும். அது எனக்கு இல்லாமல் போனது. ஆகவே காசு கட்ட முதல் நேராகக் கேளுங்கள்: "உங்களுடையது பதிந்த அக்கடமியா? என் பெயரை அக்கடமி வகுப்பில் சேர்ப்பீர்களா?" பதிலை இழுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

நான் உண்மையில் வேலை பழகியது கமெராவும் நெட்வேர்க்கும் போடுகிற ஒரு கடையில். ஏ.எல். முடிந்த கையோடு அங்கே உதவியாளாகச் சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்க கேபிள் நுனிக்குத் தலை அடிப்பதுதான் வேலை, அதாவது உள்ளே இருக்கிற எட்டுக் கம்பிகளையும் நிற வரிசையில் அடுக்கிச் செருகியை இறுக்குவது. வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடற்கரை ஹோட்டல்களில் உப்புக்காற்று பட்டு மலிவான தலைகள் சீக்கிரமே பச்சை பிடித்துவிடும் என்பதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உப்புவெளிப் பக்கம் ஓர் இடத்தில் ஒரு கமெரா பகலில் ஒழுங்காகப் படம் காட்டும், இருட்டினதும் நின்று நின்று வரும். இரண்டு தடவை கமெராவை மாற்றியும் சரிவரவில்லை. நான் கேபிளை அளந்து பார்த்தேன். 120 மீற்றர். 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பூசிய அலுமினியம். இரவில் கமெராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது மின்சாரம் கூடுதலாகத் தேவை. அதே கேபிளில்தான் மின்சாரமும் போகிறது, அவ்வளவு தூரத்துக்கு அந்தக் கம்பி தாங்கவில்லை. நடுவில் ஒரு நெட்வேர்க் சுவிட்ச் வைத்து, முழுச் செம்புக் கேபிள் இழுத்தோம். அன்று இரவு பத்து மணிவரை அங்கேயே நின்று பார்த்தேன். படம் ஒரு தடவையும் போகவில்லை. கடை அண்ணா ஒன்றும் சொல்லாமல் கொத்துரொட்டி வாங்கித் தந்தார். சிசிஎன்ஏ எழுதலாம் என்ற துணிவு எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

சம்பளத்தில் சேர்த்துக் கட்டணம் கட்டினேன். இரவு ரயிலில் போய் விடியுமுன் கோட்டையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, ஒரு மணித்தியாலம் முன்னதாகவே பரீட்சை நிலையத்துக்குப் போய்விட்டேன். மேசையில் இருந்தவர் அடையாள அட்டையைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், "பெயர் வேறு" என்றார். அட்டையில் ஆங்கிலத்தில் அப்பாவின் முழுப்பெயர் முதலில், பிறகு என் முழுப்பெயர், நடுவில் ஓர் 'எச்' கூடுதலாக. பதிவிலோ 16 வயதில் போட்ட அதே குட்டிப் பெயர். இரண்டாவது அடையாளமாக நீட்டிய வங்கி அட்டையில் பின்னால் கையெழுத்தே போட்டிருக்கவில்லை. தமிழர் பெயரில் தகப்பன் பெயர் முன்னால் வரும் என்று விளக்கினேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "மேலதிகாரி வரட்டும்" என்று இருத்தினார். மேலதிகாரி வந்தபோது என் நேரம் தாண்டிவிட்டது. காசு திரும்பி வராது என்பதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். விதி விதிதான், பெயர் என் பிழைதான். ஆனால் இருபது வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை இரவு முழுக்கப் பயணம் செய்து வந்து நிற்கும்போது ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருக்கலாம்.

ஆகவே, பதிவு செய்த அன்றே அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அட்டையின் படத்தோடு பரீட்சைப் பதிவின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். எனக்குத் திருத்தித் தர ஐந்து நாள் ஆனது. அதற்குள் பரீட்சை வந்துவிடும் என்றால் திகதியை மாற்றுங்கள், 24 மணித்தியாலத்துக்கு முன்னர் மாற்றினால் காசு போகாது. இரண்டு அடையாளங்கள் வேண்டும், ஒன்றில் படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். நான் பிறகு சாரதி அனுமதிப்பத்திரத்தையும் கொண்டுபோனேன். 18 வயது ஆகாதவர்கள் பெற்றோரின் சம்மதத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

இரண்டாம் தடவைக் கட்டணத்துக்கு அம்மா தான் போட்டுவந்த சீட்டுக் காசை முன்னதாகவே எடுத்துத் தந்தார். மீதியைக் கடை அண்ணா சம்பள முற்பணமாகத் தந்தார். முதல் நாளே போய் வெள்ளவத்தையில் மாமி வீட்டில் படுத்தேன். 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பப் போக முடியாது, அதனால் சப்நெற்றிங் கணக்குகளை, அதாவது ஒரு நெட்வேர்க்கின் முகவரிகளைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கிற கணக்குகளை, கையால் வேகமாகப் போட்டுப் பழகியது உதவியது. பாஸ்.

போன மாதம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் நெட்வேர்க் உதவியாளர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். நேர்முகத்தில் சான்றிதழை ஒரு நிமிடம்தான் பார்த்தார்கள். ஒரு துண்டுக் கேபிளைத் தந்து தலை அடிக்கச் சொன்னார்கள். அடித்துக் கொடுத்தேன், சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தது. பிறகு கிராம சேவகர் சான்றிதழ், பிரதேச செயலகக் கையொப்பம், பொலிஸ் றிப்போர்ட் எல்லாம் கேட்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் முதல் வரி, முழுப்பெயர் ஆங்கிலத்தில். பேனையை மேசையில் வைத்துவிட்டு, பொக்கெற்றில் இருந்து அடையாள அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 'எச்' உட்பட ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினேன்.