விண்ணப்பிக்கத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள்

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாசுக்கு வடக்கேயுள்ள புறநகர் ஒன்றில் நாங்கள் வீடு தேடத் தொடங்கியபோது, எங்களுக்கு முன்பே அங்குக் குடியேறியிருந்த ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் குடும்பத்தினர் வாடகையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தத் தெரு எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்பதைத்தான் கேட்டார்கள். பள்ளி மாவட்டம் என்பது அங்கே நகராட்சியோடு சேர்ந்ததன்று. அதற்குத் தனி எல்லை உண்டு, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக்குழு உண்டு, வீட்டுவரியில் அதற்கென்று தனிப் பங்கும் உண்டு. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை வீட்டு முகவரியே முடிவு செய்துவிடுகிறது. முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருக்கும் வழக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு, ஆட்சிக்குழுக் கூட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டு எழுந்து நின்று யார் வேண்டுமானாலும் பேசலாம் என்பது பழகுவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

கோடை விடுமுறைக்காகப் பிள்ளைகளோடு கோபிச்செட்டிபாளையம் வந்திருக்கும் இந்த வாரங்களில், உறவினர்கள் அதிகம் கேட்பது டெக்சாஸில் எங்கள் பள்ளி மாவட்டம் நடத்தும் மீத்திறன் மாணவர் திட்டத்தைப் பற்றித்தான். 'கிஃப்டட்' வகுப்பில் எங்கள் மகள் இருக்கிறாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதை ஒரு பட்டம் போலவும் பரிசு போலவும் எண்ணிக் கேட்கிறவர்களுக்கு, அந்தத் திட்டத்தைச் சீர்படுத்தும் பெற்றோர் குழுவில் நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை விளக்குவது எளிதாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மீத்திறன் மாணவர்களுக்குத் தனிக் கல்வி தர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான கட்டாயச் சட்டம் எதுவும் இல்லை. 1988இல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆய்வுகளுக்கும் முன்மாதிரித் திட்டங்களுக்கும் நிதி கொடுக்கிறதே தவிர, எந்தப் பள்ளியையும் கட்டாயப்படுத்துவதில்லை. மற்றவை மாநிலங்களின் பொறுப்பு. டெக்சாஸ் சட்டப்படி ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் இத்தகைய மாணவர்களைக் கண்டறிந்து கற்பிக்க வேண்டும். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் 30 மணி நேர அடிப்படைப் பயிற்சியும், அதன் பிறகு ஆண்டுதோறும் 6 மணி நேரப் பயிற்சியும் பெற வேண்டும். இதற்கென்று மாநிலம் தந்துவந்த தனி நிதியை 2019இல் நீக்கி, 2021இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்; அதுவும் மாவட்டத்தின் மாணவர் எண்ணிக்கையில் 5 விழுக்காடு வரைதான். யாரை, எந்தத் தேர்வு வைத்து, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் எடுப்பது என்பதைப் பெரும்பாலும் மாவட்டமே முடிவு செய்துகொள்கிறது. சிக்கல் தொடங்குவதும் அந்த இடத்தில்தான்.

எங்கள் மாவட்டத்தில் அந்தத் தேர்வை எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதில்லை. ஆசிரியரோ பெற்றோரோ குறிப்பிட்ட சில வாரங்களுக்குள் இணையப் படிவத்தில் பிள்ளையின் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். படிவம் திறக்கும் செய்தி, பள்ளி அனுப்பும் நீண்ட மின்னஞ்சலின் நடுவில், நூலக வாரத்துக்கும் தடுப்பூசி நினைவூட்டலுக்கும் இடையில் ஒரு வரியாக வரும். எங்களுக்கு அது தவறியதே இல்லை. தமிழ், தெலுங்குத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் முந்தைய மாதமே தேதி வந்துவிடும். எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டும், சனிக்கிழமை வகுப்பு யார் எடுக்கிறார்கள், படிவத்தின் கடைசிக் கேள்விக்கு எப்படி எழுதினால் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும்.

இந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று கொங்கு நாட்டாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார விடுதிப் பள்ளிகளுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த காலத்தில் படித்தவர்கள் நாங்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் நடத்துகிறார்கள் என்பதற்காகவே 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது; மாநில அளவில் தரவரிசை வெளியிடுவதையும் 2017இல் நிறுத்தினார்கள். அந்தப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்று கேலி பேசியவர்களே, கடல் கடந்து போனதும் ஏழு வயதுப் பிள்ளைக்கு 'கோகாட்' என்னும் அறிதிறன் தேர்வுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்குகிறோம். மொழி, எண், வடிவம் என்று மூன்று பகுதிகள் கொண்ட அந்தத் தேர்வு, பள்ளியில் கற்றதைக் காட்டிலும் பிள்ளையின் சிந்திக்கும் திறனை அளக்கவே உருவாக்கப்பட்டது. பயிற்சி பெற்ற பிள்ளையையும் பெறாத பிள்ளையையும் ஒரே மதிப்பெண் கோட்டில் நிறுத்தினால், அளக்கப்படுவதில் ஒரு பங்கு பெற்றோருடைய திறனாகிவிடுகிறது.

பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில் எங்களோடு மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு தாயும் நிற்பார். அவருடைய மகன் அப்போது நான்காம் வகுப்பு. தண்ணீர்க் கட்டணச் சீட்டை ஆங்கிலத்தில் படித்து, அம்மாவுக்கு ஸ்பானிய மொழியில் சொல்லி, போன மாதத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது, ஏன் கூடியிருக்கிறது என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போடுகிற பையன். அவர் அந்தப் படிவத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அவனுடைய ஆசிரியரும் அவனைப் பரிந்துரைத்திருக்கவில்லை. ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை என்பதே அவனைப் பற்றிப் பள்ளி வைத்திருந்த குறிப்பு. மொழி தடையாகாதவாறு, பிள்ளைக்குப் புரியும் மொழியிலோ மொழி தேவைப்படாத தேர்விலோ சோதிக்க வேண்டும் என்று மாநில நெறிமுறை சொல்கிறது. ஆனால் பெயரே பரிந்துரைக்கப்படாத பிள்ளைக்கு அந்த நெறிமுறை எந்த வகையிலும் உதவாது.

என் மாமா அந்தியூர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டில் ஊரகப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று உண்டு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1000 ரூபாய் தருவார்கள். பல பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற நாலைந்து பேரை மட்டும் எழுத வைப்பார்கள். மாமா தகுதியுள்ள வகுப்பு முழுவதையும் எழுத வைப்பார். வருமானச் சான்று வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க முடியாத வீடுகளுக்காக அவரே நடப்பார். எதற்கு இந்த வீண் வேலை என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "ஆருக்குள்ள என்ன இருக்குதுன்னு நமக்கென்ன தெரியும் அம்மணி? அல்லாத்தையும் எழுத வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஏலத்துக்கு வரும் ஒவ்வொருவர் சரக்கிலிருந்தும் மாதிரி எடுத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். வந்து கூவுகிறவர் மூட்டையை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுப் போவதில்லை.

மாமா சொன்னது வெறும் நல்லெண்ணம் அல்ல என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. புளோரிடாவின் பிரோவர்ட் பள்ளி மாவட்டத்தில் 2005 முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் மொழி தேவைப்படாத ஒரு சிறு தேர்வை வைத்து, அதில் மேலே வந்தவர்களை முழு அறிதிறன் சோதனைக்கு அனுப்பினார்கள். சேர்க்கைக்கான அளவுகோலை அவர்கள் மாற்றவில்லை. ஆனாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும், கறுப்பின, ஸ்பானிய வழிப் பிள்ளைகளும் அத்திட்டத்தில் சேர்வது வெகுவாகக் கூடியது. அதாவது, தகுதி முன்பே இருந்திருக்கிறது; பார்க்கத்தான் ஆள் இல்லை. பிறகு நிதி நெருக்கடியில் அந்த முறையைக் கைவிட்டதும் நிலைமை பழையபடி ஆனது. டேவிட் கார்டு, லாரா ஜியூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். எங்கள் குழு ஆட்சிக்குழுவின் முன் வைத்த முதல் கோரிக்கை இதிலிருந்து பிறந்ததுதான்: இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும், பள்ளி நேரத்திலேயே, படிவம் கேட்காமல் தேர்வு வையுங்கள்.

எதிர்ப்பு மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும், தேர்வுச் செலவைக் காட்டி மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். வந்தது; ஆனால் அதைவிட உரத்த எதிர்ப்பு எங்கள் வீட்டுக் கூடங்களிலேயே எழுந்தது. பொங்கல் விருந்தொன்றில் திருப்பூர்க்காரர் ஒருவர், "என்னங்க நீங்க, எல்லார்த்தையும் உள்ளே உட்டுட்டா நம்ம பசங்களுக்கு என்னங்க மிச்சமிருக்கும்?" என்று கேட்டார். அந்த அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 5 விழுக்காட்டுக்கு மேல் சேர்கிற பிள்ளைகளுக்கு மாநிலம் பணம் தருவதில்லை. மாவட்டம் தன் கையிலிருந்துதான் போட வேண்டும். ஆனால் இது நீட் தேர்வு போல இத்தனை இடம் என்று எண்ணி வைத்த கதையன்று. அளவை எட்டிய பிள்ளைக்கு இடம் நிறைந்துவிட்டது என்று அங்கே சொல்ல முடியாது. மேலும் அதே பிரோவர்டில், மீத்திறன் வகுப்பில் மீதமிருந்த இடங்களை அந்தந்தப் பள்ளியின் நல்ல மதிப்பெண்காரர்களுக்குக் கொடுத்தபோது, அவர்களுள் கறுப்பின, ஸ்பானிய வழிப் பிள்ளைகள் கணிதத்திலும் வாசிப்பிலும் நன்கு முன்னேறினார்கள். அதனால் மற்றவர்கள் பின்தங்கிவிடவும் இல்லை என்று அதே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது திருப்பூர்க்காரர் மறுத்துப் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

உள்ளே போன பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒருமுறை மீத்திறன் பிள்ளைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்துப் போய்ப் புதிர்களும் செயல்திட்டங்களும் கொடுத்து அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில், தனக்கு ஏற்கெனவே தெரிந்த வகுத்தல் கணக்கை அதே பிள்ளை முப்பது முறை போடுகிறது. திறன் இருப்பது கணிதத்தில் என்றால் கணித வகுப்புதான் மாற வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரப் புதிரால் அது ஈடாகாது. அதனால் மீத்திறன் பிள்ளைகளை நான்கு வகுப்புகளில் சிதறவிடாமல் பயிற்சி பெற்ற ஆசிரியரின் ஒரே வகுப்பில் சேர்க்கவும், ஒரு பாடத்தில் மட்டும் முன்னே இருப்பவர்களை அந்த ஒரு பாடத்துக்கு மேல்வகுப்புக்கு அனுப்பவும் கேட்டோம்.

ஒரு பாடம் என்பதை நாங்கள் வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. டெக்சாஸில் ஐந்தாம் வகுப்பு வரை தேர்வெழுதி ஒரு வகுப்பைத் தாண்ட வேண்டுமானால் மொழி, கணிதம், அறிவியல், சமூகவியல் ஆகிய நான்கிலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். மீத்திறன் சேர்க்கையிலும் எங்கள் மாவட்டம் மூன்று பகுதிகளின் கூட்டு மதிப்பெண்ணையே பார்த்துவந்தது. எல்லாவற்றிலும் ஒரே சீராக உயர்ந்து நிற்கிற பிள்ளைக்கு இது பொருந்தும். 1887இல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். ராமானுஜன் பெயரைச் சொல்லி எல்லாப் பெற்றோரும் தத்தம் பிள்ளையை நினைத்துக்கொள்வது எனக்கு எரிச்சலூட்டும் வழக்கம் என்றாலும், சீரற்ற திறனைக் கூட்டு மதிப்பெண் எப்படி மறைக்கும் என்பதற்கு அவரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை. பேருந்து நிறுத்தத்துப் பையனுக்கும் இதுதான் நடந்தது. அடுத்த முறை படிவம் திறந்தபோது அவன் அம்மாவோடு உட்கார்ந்து நிரப்பினோம். எண் பகுதியில் மிக உயர்ந்த மதிப்பெண், மொழிப் பகுதியில் நடுத்தரம், கூட்டினால் கோட்டுக்குக் கீழே. மேல்முறையீட்டுக்குப் பிறகு கணிதத்துக்கு மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்வு வைக்க ஆட்சிக்குழு இசைவு தந்துவிட்டது. ஒரே வகுப்பில் சேர்க்கும் முறையைச் சில பள்ளிகளில் மட்டும் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயே ஒப்பிட்டு மேலே நிற்பவர்களை எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதற்கு நம்மவர்கள் ஆதரவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதற்கிடையில் மாநிலச் சட்டமே ஒரு படி முன்னே போயிருக்கிறது. 2023இல் வந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு மாநிலக் கணிதத் தேர்வில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைகளை, யாரும் கேட்காமலே ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணித வகுப்பில் சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம். இதைப் படித்துக் காட்டியபோது மாமா முதலில் கேட்டது அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான். "வேண்டாம்னு எழுதிக் குடுக்கறவங்க ஆருன்னு பாத்தீங்களா அம்மணி?" என்றார். பாடம் கடினம் என்று பயந்து விலகுகிறவர்களா, வந்த கடிதம் புரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்களா என்பது பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். ஆகஸ்ட் மாதம் பள்ளி திறந்ததும் நடக்கும் கூட்டத்தில் பெயர்களை நீக்கிவிட்டுப் பள்ளிவாரியாக அந்தப் பட்டியலைக் கேட்கப்போகிறோம். விலகல் கடிதத்தை ஏற்பதற்கு முன்பு, வீட்டில் பேசும் மொழியில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து அந்தப் பெற்றோரிடம் விளக்க வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கையில் இருக்கும். ஸ்பானிய மொழிக்கு மாவட்டத்தில் ஆள் உண்டு, தமிழுக்கும் தெலுங்குக்கும் அழைப்பதற்கு எங்கள் குழுவிலேயே இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.