அம்மம்மாவின் ஒமெப்ரசோல்

அம்மம்மாவுக்குப் போன மாதம் முழுக்க நெஞ்செரிவு. வயிற்று அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு. கப்சூல் அவவின் தொண்டையில் ஒட்டிக்கொள்வதால், நான் அதைக் கழற்றி, உள்ளே கிடந்த வெள்ளை மணிகளைக் கரண்டியால் நன்றாக நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தேன். பத்து நாளாகியும் எரிவு அப்படியே.

உவர்மலையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பாமசி அண்ணாதான் கேட்டார்: "மணியை நசுக்கினீங்களோ தங்கச்சி? அப்ப மருந்து குடலுக்குப் போகாதே!"

ஒமெப்ரசோல் அமிலம் பட்டால் சிதைந்துவிடும். அதனால்தான் கசகசா அளவிலான ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே பூச்சு. வெளிக்கூடு இரைப்பையிலேயே கரைந்துவிடும், மணிகளின் பூச்சு கரையாது. சிறுகுடலில் பிஎச் (அமிலம் குறையக் குறைய ஏறும் அளவு) 5.5-ஐத் தாண்டியதும் பூச்சு கரைந்து மருந்து இரத்தத்தில் சேர்கிறது. அங்கிருந்து சுற்றி வந்து அமிலம் சுரக்கும் அதே இரைப்பைக் கலங்களுக்குள் நுழைகிறது, அங்கே இருக்கும் அமிலம்தான் அதை வேலை செய்ய வைக்கிறது! முன்வாசலால் போனால் அழிக்கிற அமிலமே பின்வாசலால் வந்தால் உயிர் கொடுக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

சரி, கண்ணால் பார்ப்போம் என்று அன்றிரவே மூன்று கோப்பை எடுத்தேன். வினாகிரியில் போட்ட மணிகள் ஒரு மணித்தியாலம் கழித்தும் உருண்டையாகவே கிடந்தன. அமிலமில்லாத அப்பச்சோடாத் தண்ணீரில் போட்டவை ஊறி, உடைந்து, தண்ணீரைக் கலக்கிவிட்டன. நசுக்கி வினாகிரியில் போட்டதோ மெல்ல மெல்லக் கறுத்தது. பத்து நாளாக அம்மம்மாவின் வயிற்றில் நடந்தது இதுதான் என்று நினைத்தபோது நெஞ்சு கனத்துப் போனது.

எல்லாக் கப்சூலையும் திறக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் பாமசியில் கேளுங்கள். சிலவற்றில் கூடே அமிலத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கும், திறந்தால் போச்சு. மருந்து உறையில் "நசுக்க வேண்டாம்" என்று தமிழில் ஒரு வரி எழுதித் தந்தால் எத்தனை வீட்டு வயோதிபர்களுக்கு உதவும்!

இப்போது அம்மம்மாவுக்கு மணிகளை முழுசாகத் தோடம்பழச் சாற்றில் கலந்து உடனேயே கொடுக்கிறேன், மெல்லாமல் விழுங்கச் சொல்லி. பாலில் கலப்பதில்லை, பாலில் அமிலம் குறைவு என்பதால் பூச்சு கோப்பையிலேயே இளகத் தொடங்கிவிடும். நேற்று இரவு அவ எழும்பாமல் விடியும்வரை தூங்கினா.