சாய்கோட்டுக்கு யார் சொந்தக்காரர்?

1991இல் கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். சாய்கோடு (/), எஃப், எஸ், என்டர், ஆர். என் விரல்கள் அங்கே முதலில் மனப்பாடம் செய்தது இதைத்தான். அன்றைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3இல் மெனுவைத் திறந்து கோப்பைச் சேமிக்கும் வழி அது. மவுஸ் கிடையாது. "இவன் தட்டுவதில்லை, வீணை வாசிக்கிறான்" என்பார் தலைமைக் கணக்கர்.

அந்த வீணைக்கு அமெரிக்காவில் வழக்கு நடந்துகொண்டிருந்தது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரியும்.

லோட்டஸ் 495 டாலருக்கு விற்றபோது, அதே விசைகளோடு இயங்கும் வி.பி. பிளானரை 100 டாலருக்குள் தந்தது பேப்பர்பேக் சாப்ட்வேர். அதை நிறுவிய ஆடம் ஆஸ்போர்ன் நம் திருவண்ணாமலையில் வளர்ந்த பிள்ளை; ரமணரின் அடியவர் ஆர்தர் ஆஸ்போர்னின் மகன். 2003இல் கொடைக்கானலில் காலமானார். 1990 ஜூனில் பாஸ்டன் நீதிமன்றம், மெனுவின் சொற்களும் அடுக்கும் லோட்டஸின் பதிப்புரிமை என்றது. பேப்பர்பேக்கின் கதை முடிந்தது. சில நாட்களிலேயே போர்லேண்ட் நிறுவனத்தின் போட்டி மென்பொருளான குவாட்ரோ புரோ மீதும் வழக்கு பாய்ந்தது.

ஒரு மெனுவுக்கு ஏன் இத்தனை சண்டை? எங்கள் சம்பளப் பட்டியலைத் தானாக ஓட்டிய மேக்ரோவில் நிரல்மொழி என்று பெரிதாக எதுவுமில்லை. நாங்கள் அழுத்தும் விசைகளே வரிசையாக ஒரு கட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். மெனுவில் ஓர் எழுத்து மாறினாலும் மேக்ரோ படுத்துவிடும். எவ்வளவு நல்ல மென்பொருள் வந்தாலும் எங்களால் மாற முடியாது. பூட்டு ஏற்கெனவே எங்கள் விரல்களில் இருந்தது. சட்டம் அதற்கு அரக்கு முத்திரை வைத்தது.

இத்தனைக்கும் லோட்டஸே 1979இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் போட்ட பாதையில் நடந்ததுதான். நெடுவரிசைக்கு எழுத்து, கிடைவரிசைக்கு எண் என்பது அங்கிருந்து வந்தது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்பார்களே, அது.

1995இல் போர்லேண்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், லோட்டஸுக்குச் சாதகமான தீர்ப்பைத் திருப்பியது. மெனு என்பது இயக்கும் முறை, வீடியோ ரெக்கார்டரின் பொத்தான்களைப் போன்றது, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றது. 1996இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் அதுவே நிலைத்தது. ஆனால் போர்லேண்ட் 1994இலேயே குவாட்ரோ புரோவை நோவெல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது. பயிர் காய்ந்த பிறகு மழை.

லோட்டஸ் சரிந்ததற்கு வழக்கு மட்டும் காரணமல்ல. விண்டோசுக்கு மாறுவதில் அது சுணங்கியது, எக்செல் முந்திக்கொண்டது. பிறர் எழுதிய நிரலை வரிக்கு வரி நகலெடுப்பது திருட்டு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் பழகிய பழக்கம் என்னுடையது. அதை இன்னொருவர் சொத்தாக எழுதிக்கொடுக்க நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

போன வாரம் மகளின் மடிக்கணினியில் எக்செலைத் திறந்து சாய்கோட்டை அழுத்தினேன். இன்றைக்கும் மெனு விழிக்கிறது! பிறகு ஒரு கட்டத்தில் 60 என்று எழுதித் தேதியாக மாற்றிக் காட்டினேன்; 1900 ஜனவரி 1 முதல் எண்ணி அறுபதாம் நாள். 29 பிப்ரவரி 1900 என்றது. 1900 லீப் ஆண்டே அல்ல. லோட்டஸின் பிழை அது. பழைய கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று எக்செல் தெரிந்தே எடுத்துக்கொண்டது.

"இதை ஏன் அப்பா இன்னும் திருத்தவில்லை?" என்றாள்.

திருத்தினால் இருக்கிற கோப்புகளின் தேதியெல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்றேன்.