பால்மறந்த குழந்தையைப் போல

சில ஆண்டுகளுக்கு முன், நான் வெகு நாள் காத்திருந்த பதவி உயர்வு, எனக்குப் பின்னால் பணியில் சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்தது. அன்று இரவு முழுவதும் படுக்கையில் புரண்டபடி, அவரைவிட நான் எதில் குறைந்துபோனேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லக்கூட மனம் வரவில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள், நாள்தோறும் வேதம் வாசிக்கிறவள். ஆனாலும் இன்னொருவர் பெற்ற நன்மை எனக்கு வலித்தது. துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமை கொண்டதாகச் சங்கீதக்காரரான ஆசாப் வேதாகமத்தின் 73ஆம் சங்கீதத்தில் ஒப்புக்கொள்கிறார். நான் பொறாமை கொண்டவரோ நல்ல மனிதர். அதை நினைக்கையில் வெட்கம் இன்னும் கூடியது.

அந்த நாட்களில்தான், அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற 13ஆம் வசனம் எனக்குச் சிறு வயதிலிருந்தே மனப்பாடம். தேர்வு எழுதப் போகும்போதும் நேர்முகத்துக்குப் போகும்போதும், நினைத்ததைச் சாதித்துத் தரும் வாக்குத்தத்தமாகவே அதைச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தின இரண்டு வசனங்களில் பவுல் பேசுவது வெற்றியைப் பற்றியே அல்ல. கட்டுண்டு காவலில் இருக்கும் அவர், எப்பாப்பிரோதீத்து என்ற தங்கள் தூதுவரின் கையில் பிலிப்பியர் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டு, அதற்கு நன்றி சொல்லும் இடத்தில், பட்டினியாயிருக்கவும் தமக்குத் தெரியும், நிறைவாயிருக்கவும் தெரியும் என்கிறார். அந்த "எல்லாவற்றையும்" என்பதற்குள் பசியும் அடக்கம், வாய்க்காமற்போன பதவியும் அடக்கம். இது எனக்கு உறைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

11ஆம் வசனத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் "கற்றுக்கொண்டேன்" என்பது. "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." மூன்று முறை கப்பற்சேதத்தில் அகப்பட்டவர், பலமுறை அடிபட்டவர், தமஸ்கு வழியில் ஆண்டவரின் சத்தத்தையே கேட்டவர், அவருக்கும் இந்த மனநிறைவு பிறவிக் குணமாக வாய்க்கவில்லை, மனந்திரும்பிய அன்றே கைக்கு வந்துவிடவுமில்லை. இந்த ஒரு சொல் எனக்குத் தந்த ஆறுதலைப் பல பிரசங்கங்கள் தந்ததில்லை. என் மனம் இன்னும் அடங்கவில்லை என்பதால் என் விசுவாசம் பொய்யாகிவிடாது. நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மனரம்மியம் என்று தமிழில் வந்திருக்கும் அந்த இடத்தில் பவுல் கையாளும் கிரேக்கச் சொல், ஸ்தோயிக்கர் என்ற பழங்காலத் தத்துவ ஞானிகள் போற்றிய சொல். வெளியிலிருந்து எதுவும் வேண்டாதபடி தன்னில் தானே நிறைந்திருப்பதை அவர்கள் அப்படிச் சொன்னார்கள். பவுலோ அதே சொல்லை எடுத்துக்கொண்டு, இரண்டு வசனம் தள்ளி, தம் பெலன் தம்முடையதல்ல என்கிறார். எபிரெயர் 13:5-இல் "உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்" என்றும், மாம்சத்திலே இருந்த முள் என்று தாம் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்ட பவுலுக்குக் கிடைத்த பதிலாக "என் கிருபை உனக்குப் போதும்" என்றும் வாசிக்கிறோம். இரண்டிலும் அதே "போதும்". கிரேக்கத்திலும் இரண்டும் ஒரே வினைச்சொல்தான். எபிரெயர் நிருபம் அந்தப் போதுமைக்குச் சொல்லும் காரணத்தையும் கவனிக்க வேண்டும்: "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." பண ஆசை வேண்டாம் என்று சொல்வதோடு அந்த வசனம் நின்றுவிடவில்லை, உன்னோடு இருப்பவர் யார் என்று பார் என்றும் சொல்கிறது.

இதை நான் கண்கூடாகக் கண்டது என் மகளிடம். அவளுக்குப் பால் மறக்கடித்த நாட்களில் என் மடிக்கு வந்தாலே அழுவாள்; சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பாள், முகத்தை முட்டுவாள், கேட்டது கிடைக்காத கோபத்தில் முதுகை வளைத்துக் கொண்டு கத்துவாள். எத்தனை இரவுகள் அப்படிப் போயின என்று எண்ணவில்லை. பிறகு ஒரு நாள் மாலை, தானாகவே வந்து மடியில் ஏறி, என் நெஞ்சில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். எதையும் தேடவில்லை. ஒரு கை மட்டும் என் தாலிக் கொடியை நெருடிக்கொண்டிருந்தது. "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்ற 131ஆம் சங்கீதத்தின் வரி அப்போது நினைவுக்கு வந்தது. மூன்றே வசனங்கள் உள்ள அந்தச் சங்கீதத்தில் தாவீது பால்குடிக்கிற குழந்தையைச் சொல்லாமல் பால்மறந்த குழந்தையைச் சொன்னது ஏன் என்று அன்றுதான் விளங்கிற்று. பால்குடிக்கிற பிள்ளை பாலுக்காக வருகிறது. பால்மறந்த பிள்ளை தாய்க்காக வருகிறது. அதற்கு முன் அந்தப் பிள்ளை அழுது தீர்த்த இரவுகளும் உண்டு.

இல்லாதவரைப் பார்த்து, இருப்பதே போதுமென்று இரு என்று நாம் சொல்லிவிட்டுப் போவதற்கு இது எதுவும் இடம் தராது. "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களை யாக்கோபு தம் நிருபத்தில் கடிந்துகொள்கிறார். பவுல் போதுமென்று சொன்னது தம் குறைவைப் பற்றித்தான். பிறருடைய குறைவுக்காக அவர் சபைதோறும் தர்மப்பணம் சேர்த்தவர்.

இந்த ஆண்டு வந்த பதவி உயர்வுப் பட்டியலிலும் என் பெயர் இல்லை. படித்தவுடன் அடிவயிற்றில் அந்தப் பழைய வலி எழுந்தது. இருக்கையிலிருந்து எழாமல், "ஆண்டவரே, நீர் இருக்கிறீர்" என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். பெயர் வந்திருந்த சகோதரியிடம் போய் அவர் கையைப் பிடித்து வாழ்த்தினேன். குரல் சற்றுத் தடுமாறியது. ஆனால் அன்று இரவு என் ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னபோது தடுமாறவில்லை.