ஈரப்புல்லில் கிடந்த உளிகள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்த முதல் கோடையில், என் கண்ணெதிரே ஒருவர் ஷூ காலோடு உளிகளைத் தாண்டி நடந்து போனார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அது. கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாததையெல்லாம் விற்பார்கள். கார் பூட் சேல் என்று பெயர். ஈரப்புல்லில் விரித்த தார்ப்பாயில் பொம்மைகள், பழைய டோஸ்டர், பீங்கான் தட்டுகள், நடுவே ஒரு குவியலாக உளிகள்.

எனக்கு உடம்பு கூசியது. அப்பா அம்பாசமுத்திரத்தில் தச்சு வேலை செய்தவர். எங்கள் பட்டறையில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தாண்டினால் முதுகில் ஒன்று விழும். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றாலும் விழும்.

குனிந்து ஒன்றை எடுத்தேன். விற்றவருக்கு எழுபது வயது இருக்கும். "எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு, லவ்" என்றார். இந்த ஊரில் ஆம்பளைகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அன்றைக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்போது கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை என்றால், என் மேல் ஏதோ கோபம்போல என்று நினைத்துக்கொள்கிறேன்.

உளியில் துருவைத் தேய்த்துப் பார்த்தால் மார்ப்பிள்ஸ் என்ற பெயரும் மூவிலை முத்திரையும், கீழே 'காஸ்ட் ஸ்டீல்' என்ற எழுத்தும் தெரிந்தன. அந்த இரண்டு சொற்களில் இந்த ஊரின் கதையே இருக்கிறது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகாரச் சுருளுக்கு நல்ல உருக்கு கிடைக்காமல், களிமண் குடுவையில் வைத்து உருக்கை முழுதாக உருக்கி ஊற்றப் பழகினார். அவர் வழியில் செய்த உருக்கு என்பதற்கு அந்த முத்திரை ஓர் உத்தரவாதம். ஊருக்குள்ளேயே ஏபிடேல் என்ற இடத்தில் அந்தக் காலத்து உலை ஒன்று இன்னும் முழுசாக நிற்கிறது. குடுவைக்கான களிமண்ணை வெறுங்காலால் மிதித்துத்தான் பதமாக்கினார்களாம். அதைக் கேட்டதும் எங்கள் ஊர்க் குயவர் தெருவுக்குப் போய்விட்டேன். கூட வந்த நண்பர் தோளைத் தட்டித்தான் திரும்பக் கூட்டிவர வேண்டியிருந்தது.

அப்புறம் ஞாயிறு என்றால் சந்தைதான். பழைய கருவியை அடையாளம் காண்பது ஒரு தனிப் படிப்பு, அதன் சுகமே வேறு. இழைப்புளியை எடுத்தால் முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பி, அலகு நீட்டும் வாயோரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட வார்ப்பிரும்பை என்ன விலைக்கும் வாங்கக் கூடாது. அமெரிக்க ஸ்டான்லி என்றால் அலகைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே காப்புரிமைத் தேதிகள் வார்த்திருக்கலாம். 1910 ஏப்ரல் 19 என்று இருந்தால், அது அதற்குப் பிறகு வார்த்தது. ரெக்கார்டு இந்த ஊர்க் கம்பெனி. 1931இலிருந்து இழைப்புளி செய்தார்கள், நீலப் பூச்சு. கைப்பிடி ரோஸ்வுட்டாக இருந்தால் அநேகமாக இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது, சாயம் பூசிய பீச் மரம் என்றால் பிந்தியது. எதிலாவது மேல்நோக்கிய அம்புக்குறி அடித்திருந்தால் அது அரசாங்கச் சொத்தாக, பெரும்பாலும் ராணுவத்தில், இருந்தது.

உளியில் முகத்தை விடப் பின்பக்கம்தான் முக்கியம். மேலே எவ்வளவு துரு இருந்தாலும் வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் வந்துவிடும். ஆனால் பின்பக்கம் வெட்டுமுனையை ஒட்டித் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் கூர் நிற்காது. மரம் அறுக்கும் வாள் என்றால் லேசாக வளைத்து விட வேண்டும். நேராகத் திரும்பி வந்தால் நல்ல தகடு. பளபளவென்று தேய்த்து வைத்திருப்பதை நான் தொடுவதில்லை. ஐம்பது வருடக் கை பட்டு வந்த கறுப்பு அது, அதைப் போய் உப்புத்தாளால் எடுப்பார்களா?

மரத்தாலான பழைய இழைப்புளிகளில்தான் எனக்கு உயிர். அவற்றின் தடித்த அலகைச் சாணைக்கல்லில் தேய்க்கும்போது, நுனியருகே ஒரு கோடு மெல்லத் தெரியும். மெத்திரும்பில், அதாவது மென்மையான இரும்பில், மெல்லிய உருக்கை வைத்துக் காய்ச்சி அடித்த இடம். எங்கள் ஊர் உலையில் உளி அடிக்கும்போதும் இதுதான் வேலை. முழுசும் உருக்காகச் செய்தால் காசும் போச்சு, சாணை பிடிக்கிறவன் கையும் போச்சு. முதல் தடவை அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு உடனே அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். ஊரில் நடுராத்திரி. திட்டவில்லை. "வெளிச்சத்துல பிடி" என்றார்.

என் மனத்தாங்கல் இனிமேல்தான். அந்த மர இழைப்புளிகளின் முன்முகத்தில் செய்தவர் பெயர் அடித்திருக்கும். அதன் பக்கத்திலேயே, அந்தக் கருவியை வைத்திருந்த தச்சர்களின் பெயர்களும் இருக்கும், ஒன்றன் கீழ் ஒன்றாக. ஒருவர் ஓய்ந்ததும் அடுத்தவர் வாங்கித் தன் பெயரை அடித்திருக்கிறார். முந்தினவர் பெயரை யாரும் செதுக்கி எடுக்கவில்லை. நூறு வருடத்துக் கைகள் ஒரு சாண் மரத்தில் வரிசையாக நிற்கின்றன. அதை விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம், இது யாருடையது என்று கேட்டேன். "கணவரோட தாத்தாவுடையதா இருக்கும். கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுக்க நல்லா இருக்கும் லவ்" என்றார். அவர் மேல் வருத்தமில்லை. அன்பான மனுஷி, இரண்டாவதைச் சும்மாவே கொடுத்தார். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறையில் முந்தின நாளே எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, வாழையிலையில் வரிசையாக வைத்துவிடுவோம். சந்தனம், குங்குமம், பொரி, கடலை. அன்றைக்கு முழுவதும் கருவிகளுக்கு ஓய்வு. அவசரம் என்று யார் வந்து நின்றாலும் அப்பா உளியைத் தொடமாட்டார். விஜயதசமியன்று காலையில் ஒரு துண்டுப் பலகையில் இழைத்து, அந்தச் சுருளைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்.

ஆனாலும் நம் ஊரைத் தூக்கி வைத்து இவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. ரெடிமேடு கதவுகள் வந்த பிறகு எங்கள் தெருவில் எத்தனை பட்டறைகளின் உளிகள் பேரீச்சம்பழக்காரர் தராசில் ஏறின! அவற்றில் பெயர்கூடக் கிடையாது, கைப்பிடித் தேய்மானத்தை வைத்துத்தான் யாருடையது என்று சொல்ல முடியும். இங்கே ஒரு பவுண்டு கொடுத்தாவது வாங்கிக்கொள்ள முடிகிறது. கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் கென் ஹாலி என்ற கருவிக் கடைக்காரர் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றபோது, நம் ஆசாரிமார் கருவிகளுக்கு இப்படி ஓர் அறை இருக்கக் கூடாதா என்று தொண்டை அடைத்தது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு ஜோசையா ஹீத் என்பவர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார், சேலம் பக்கத்துத் தாதுவை நம்பி. அங்கே உருக்கிய இரும்பு கப்பலேறி ஷெஃபீல்டுக்கு வந்தது. பிறகு அவரே உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். இங்கத்து ஆலைக்காரர்கள் சின்ன மாற்றம் செய்து, காசு கொடுக்காமல் அதைப் பயன்படுத்தினார்கள். வருடக்கணக்கில் வழக்கு நடத்தி ஓய்ந்தே போனார் மனிதர். அந்தக் காலத்து உளி ஏதாவது கையில் சிக்கினால், இதில் நம் மண்ணும் ஒரு சிட்டிகை இருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

சரி, ஊர் பழகிவிட்டது. குளிர் பழகிவிட்டது, பஸ் எண்கள் மனப்பாடம், தேநீரில் பால் குறைவாக இருப்பதுகூடப் பழகிவிட்டது. தோட்டத்துக் கொட்டகையில் எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசனை எழும்போது மட்டும், வெளியே அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள் என்று காது தானாகத் தீட்டிக்கொள்கிறது.

இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது அப்பா அரை இஞ்சுக் குழியுளி ஒன்று கேட்டிருக்கிறார். இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்: ஒன்றில் நல்ல பெயர் இருக்கிறது, மற்றதில் எழுத்து எல்லாம் தேய்ந்துவிட்டது. இரண்டையும் கல்லில் தட்டி போனில் கேட்கச் சொன்னேன். "பேரில்லாததைக் கொண்டா. மத்ததை நீ வச்சுக்க, கைப்பிடியை மட்டும் மாத்து, அது உன் கைக்குச் சின்னது" என்றார்.