சார் கையில் சீட்டுக்கட்டு

பிப்ரவரி 11

எனக்குச் சீட்டு வித்தை சொல்லிக்கொடுத்த சார் போய்விட்டார். நேற்று இரவு தகவல் வந்தது. அவரோடு இருந்த நாட்களை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இனியும் தள்ளிப்போட மனசு வரவில்லை. ஞாபகத்துக்கு வருகிற வரிசையில் எழுதுகிறேன். அவர் சொந்தமாக அமைத்த வித்தைகளின் சூட்சுமம் எதுவும் இதில் வராது. அது அவருக்குக் கொடுத்த வாக்கு.

பிப்ரவரி 12

முதலில் சொல்லிக்கொடுத்தது சீட்டுக்கட்டைப் பிடிப்பது. இடது கையில் கட்டு. ஆள்காட்டி விரல் முன் விளிம்பில் வளைந்திருக்கும், மற்ற மூன்று விரல்களும் பக்கவாட்டில், கட்டைவிரல் மேல் சீட்டில் பட்டும் படாமலும். வாரக்கணக்கில் இதிலேயே நிறுத்தி வைத்தார். பேசும்போது, நடக்கும்போது, படிக்கும்போது எல்லாம் கட்டு கையிலேயே இருக்க வேண்டும். "கையில கட்டு இருக்கிறதே உனக்கு மறந்துபோகணும். உனக்கு மறந்தாத்தான் பாக்கிறவங்களுக்கும் மறக்கும்" என்பார்.

அவர் இடது தோளைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். ரகசியமாக எதையாவது செய்யப்போகிறவனுக்குத் தோள் லேசாக இறுகும். முழங்கை உடம்போடு ஒட்டும். சாரிடம் அது ஒருநாளும் நடந்ததில்லை. கை சும்மா இருக்கும்போது எப்படியோ, வேலை செய்யும்போதும் அப்படியே இருக்கும்.

பிப்ரவரி 15

டாய் வெர்னனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாருக்கு நேரம் போவதே தெரியாது. 1894-ல் கனடாவில் பிறந்தவர், 98 வயது வரை இருந்தவர், சீட்டு வித்தைக்காரர்கள் 'புரொஃபசர்' என்றே அழைத்தவர். எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிவந்த பிரபல மந்திரவாதி ஹௌடினியை 1922-ல் சிகாகோவில் அவர் திணறடித்த கதை எல்லோருக்கும் தெரியும். ஹௌடினி தன் முதலெழுத்துகளைப் போட்ட சீட்டு, மேலிருந்து இரண்டாவதாகப் போகும். உடனே மேலே வந்து நிற்கும். மூன்று முறை தாண்டியும் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார் வெர்னன். ஹௌடினிக்குப் பிடிபடவில்லை.

இதை ஹௌடினியின் தோல்வியாகச் சொன்னால் சாருக்குப் பிடிக்காது. "ஒரே வித்தையைத் திரும்பச் செய்யாதேன்னு ஊர் முழுக்கச் சொல்றாங்க. ஒரு கெட்டிக்காரன் எதிர்ல அதையே திரும்பத் திரும்பச் செய்ய எவ்வளவு நிதானம் வேணும், அதை யோசி" என்பார். அந்தக் கதையில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று நானும் நம்புகிறேன்.

பிப்ரவரி 16

வேலை அதிகம். எழுத முடியவில்லை.

பிப்ரவரி 21

ஃபேரோ கலைப்பு. 52 சீட்டை 26, 26 என்று சரிபாதியாக வெட்டி, இந்தப் பாதியில் ஒன்று அந்தப் பாதியில் ஒன்று எனக் கோத்துவிடுவது. மேல் சீட்டு மேலேயே நிற்கும்படி பிசகில்லாமல் 8 முறை கலைத்தால், கட்டு பழைய வரிசைக்கே திரும்பிவிடும். கணக்கு சுலபம், விரல்களுக்குத்தான் கஷ்டம். சீட்டின் ஓரம் கொஞ்சம் நைந்திருந்தாலும் கோக்காது, அழுத்தம் கூடினால் நடுவில் இரண்டிரண்டாக விழும். இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தும்போது மூலைகளிலிருந்து துணி கிழிவதுபோல் மெல்லிய சத்தம் வரும். சார் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை வைத்தே "ரெண்டு சேர்ந்து விழுந்திருக்கு" என்று சொல்லிவிடுவார்.

இதை மேடையில் அவர் காட்டியதே இல்லை. "இது சாதகம். கச்சேரியில சாதகம் பண்ணுவாங்களா?" என்று கேட்பார்.

மார்ச் 2

அர்ஜென்டினாக்காரர் ரெனே லாவாண்டுக்கு ஒன்பது வயதில் விபத்தில் வலது கை போனது. இடது கை ஒன்றை வைத்துக்கொண்டே உலகம் வியக்கும் சீட்டு வித்தைக்காரர் ஆனார். ஒவ்வொரு சுற்றையும் முன்னதைவிட மெதுவாகச் செய்துவிட்டு, இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது என்பார். அடுத்த சுற்று அதைவிடவும் மெதுவாக வரும். சாருக்கு அவர்தான் ஆதர்சம்.

கை வேகத்தைப் புகழ்ந்தால் சார் முகம் வாடிவிடும். வேகம் தெரிந்தால், அங்கே ஏதோ நடந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அவர் சீட்டைத் திருப்பும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், பதிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் பாசாங்கே கிடையாது. பதில் நீளமாக வந்தால் வித்தையை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்பார். நான் பார்த்த எந்த வித்தைக்காரரிடமும் இதைக் கண்டதில்லை.

மார்ச் 9

ஒரு விஷயத்தில் மட்டும் சாரோடு எனக்கு அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. வீடியோ எடுக்க அவர் விடவே மாட்டார். "எதிர்ல ஆள் இருந்தாத்தான் இது வித்தை" என்பார். லாவாண்டையும் வெர்னனையும் அவரே பழைய பதிவுகளில்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதைச் சொல்லியே பலமுறை வாதாடியிருக்கிறேன். "அவங்க பெரியவங்கப்பா" என்பதைத் தாண்டி பதில் வராது. சாரும் பெரியவர்தான். அவர் நாலு ராணியையும் மேஜையில் வைக்கும் விதத்தை இப்போது கற்றுக்கொள்பவர்கள் பார்த்திருக்க வேண்டும். நான் செய்து காட்டினால் அதில் பாதிகூட வராது.